ஆக்சிலேட்டர் பெடல் ஒட்டிக்கொள்கிறதா? பழைய மாருதி 800, ஆம்னிக்கு முழுமையான வழிகாட்டி

ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் சத்தம் இறங்கவில்லை என்றால், ஒரே ஒரு தடவைதான் அப்படி ஆனது என்றாலும், அந்த வண்டியைச் சரி செய்யாமல் திரும்ப ரோட்டில் இறக்காதீர்கள். "ரெண்டு தடவ மிதிச்சா சரியாயிரும்" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர். நம்முடைய ரோடுகளும் அப்படி. குழித்துறையில் இருந்து கருங்கல் போகும் வழியோ, தக்கலைக்கு உள்ளே இருக்கும் இடைரோடுகளோ, இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் ஒதுங்க இடம் கிடையாது. அந்த இடத்தில் பெடல் திரும்பி வராவிட்டால் உங்களுக்குக் கிடைக்கிற நேரம் மிகவும் குறைவு.

நல்ல விஷயம் என்னவென்றால், இது பெரிய செலவு வைக்கிற கோளாறு கிடையாது. பழைய சின்ன வண்டிகளில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பிக் கேபிள் மட்டும்தான், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் இழுத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எங்கே பிடிக்கிறது என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் எண்ணெய் விடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

இங்கே நான் முக்கியமாக மாருதி 800, ஆம்னி இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இன்னும் ஓடுகிற பழைய சின்ன வண்டிகளில் பெரும்பகுதி இவைதான். 800 வந்தது 1983 டிசம்பரில், தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். இரண்டிலும் இருப்பது 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். பழையவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர், 2000-ஐ ஒட்டி வந்தவற்றில் இருந்து எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தனித்தனியாகப் பீச்சுகிற முறை. பெடல், கேபிள் பற்றிச் சொல்வது இரண்டுக்கும் பொது, எஞ்சின் பக்கம் மட்டும் வேறுபடும். கேபிள் உள்ள மற்ற பழைய வண்டிகளுக்கும் இதே வழிதான்.

ஓடும்போதே ஒட்டிக்கொண்டால்

சரிசெய்கிற வேலைக்கு முன்னால் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், வீட்டில் அந்த வண்டியை ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கிளட்சை முழுதாக மிதியுங்கள், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் பயங்கரமாக அலறும், அலறட்டும், அதற்குப் பயந்து கிளட்சை விட்டுவிடக் கூடாது. பிரேக்கை ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் இழுக்கிற வேக்குவத்தை (காற்றில்லா இழுப்பை) வைத்து, திராட்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடுகிற தகடு, திறந்தே நிற்கும்போது அந்த வேக்குவம் குறைந்துவிடும். பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும், பம்ப் செய்தால் அதையும் தீர்த்துவிடுவீர்கள். பூஸ்டர் இல்லாத பழைய வண்டி என்றால் பலம் கொடுத்து மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியை ஓரம் கட்டி நின்ற பிறகு சாவியைத் திருப்பி ஆஃப் செய்யுங்கள். கிளட்சும் கேட்காத நிலை வந்து, ஓடும்போதே ஆஃப் செய்துதான் ஆக வேண்டும் என்றால், சாவியை ஒரே ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்புங்கள். லாக் வரை கொண்டுபோய்ச் சாவியை உருவினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும், அதைவிட ஆபத்து வேறு இல்லை. ஓடுகிற வண்டியில் குனிந்து கையால் பெடலைத் தூக்கப் போவதும் வேண்டவே வேண்டாம். காலின் பெருவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பது கூட, கியர் நியூட்ரலுக்கு வந்த பிறகுதான்.

இது ஒட்டுவதா, ரேஸாகி நிற்பதா?

வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். பெடல் கீழேயே நிற்கிறதா, அல்லது பெடல் மேலே வந்துவிட்டது ஆனால் எஞ்சின் மட்டும் ரேஸில் நிற்கிறதா? இரண்டும் ஓட்டுகிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும், காரணங்கள் வேறு வேறு.

பானெட்டைத் திறந்து (ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கி), எஞ்சின் ரேஸில் நிற்கிற அந்த நேரத்தில் திராட்டில் லிவரைப் பாருங்கள். கேபிள் போய் மாட்டுகிற, அரைவட்டமாகத் திரும்புகிற அந்தத் தகடுதான் லிவர். அது தன் ஸ்டாப் ஸ்க்ரூவில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தும் ரேஸாக இருந்தால் பெடல், கேபிள் இரண்டிலும் குற்றமில்லை. வேக்குவம் ஹோஸ் விரிசல், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டில் காற்று இழுப்பது, எம்பிஎஃப்ஐ வண்டியில் பெடலை மிதிக்காதபோது எஞ்சின் வேகத்தைப் பார்த்துக்கொள்கிற ஐடில் கண்ட்ரோல் வால்வு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சோக் போட்டு ஸ்டார்ட் செய்கிற கார்புரேட்டர் வண்டியில், லிவர் ஸ்டாப்பில் உட்காராமல் சோக் இணைப்பே அதைப் பிடித்து வைப்பதும் உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அதுவும் இல்லாமல் லிவர் ஸ்டாப்பில் உட்காராமல் பாதியில் நின்றால்தான் இது ஒட்டுகிற கோளாறு.

நம் ஊரில் ஏன் இது இவ்வளவு வருகிறது

ஒரே மாவட்டத்துக்குள் மூன்று விதமான தொந்தரவு இருக்கிறது. கன்னியாகுமரியில் இருந்து நீரோடி வரை கடலோரம் முழுக்க உப்புக்காற்று, ராத்திரி வண்டியை வெளியே நிறுத்தினால் காலையில் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும், அதே உப்புதான் கேபிளின் வாய்க்குள்ளும் போகிறது. மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்ட ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, இரண்டையும் வாங்குகிற ஊர் நம்முடையது. கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் பறக்கிற புழுதி.

இதோடு கடற்கரை மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கான் இவற்றோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்வதற்குப் பயன்படுத்துகிற கடினமான கல் அது. கடற்கரைக்குப் போய்விட்டு வந்து அதே காலோடு பெடல் மிதித்தால் அந்த மணல் பெடல் தொங்குகிற பின்னுக்குள்ளும் (ஊசிக்கம்பிக்குள்ளும்) கேபிளுக்குள்ளும் இறங்குகிறது. எண்ணெய் விட்ட இடத்தில் போய் ஒட்டினால் உள்ளே இருக்கிற நைலான் குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் ஓடுகிற வண்டியில் கேபிளைத் தாராளமாக எண்ணெயில் முக்குவது நல்லதல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

8, 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளையர், ஒரு மூக்குக் குறடு, இரண்டு விதத் திருப்புளி, நல்ல டார்ச், பழைய டூத் பிரஷ், பஞ்சுத் துணி. கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே ஒன்று, துரு இளக்குகிற டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரே ஒன்று, கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ், சிலிக்கான் ஸ்ப்ரே கிடைத்தால் அதுவும். உதவிக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், பெடலை மிதித்து விடுவதற்கு.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், க்ளீனர் ஸ்ப்ரே தீப்பிடிக்கக் கூடியது, சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல் படக் கூடாது. ஆம்னியில் எஞ்சின் இருப்பது வண்டிக்குள்ளேயே என்பதால் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டுதான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

முதல் படி: கால்மிதியைத் தூக்குங்கள்

சிரிக்காதீர்கள், நிறைய வண்டியில் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். நம் ஊரில் தும்பு மெத்தை, அதாவது தேங்காய் நார் மிதியடியை வெட்டி டிரைவர் பக்கம் போடுகிற வழக்கம் இருக்கிறது. அது பார்க்க அழகு, மண்ணையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் அடியில் பிடிமானம் இல்லாமல் முன்னால் நகர்ந்து பெடலின் அடி விளிம்பில் போய் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டாலும் இதே கதைதான். எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பெடலைத் தரை வரை அழுத்தி விடுங்கள். இப்போது நன்றாக வருகிறது என்றால், மேட்டை வெட்டிச் சிறிதாக்கிக் கொக்கி வைத்துப் பின்னால் கட்ட வேண்டும், முடியாவிட்டால் மேட்டே வேண்டாம். அதோடு தரைக் கார்ப்பெட்டும் பெடலுக்குப் பின்னால் ஈரத்தில் உப்பிப்போய் மேலே எழும்பியிருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

மேட் இல்லாமலும் ஒட்டுகிறது என்றால் அடுத்ததுக்குப் போகலாம்.

இரண்டாம் படி: கேபிளைக் கழற்றி, மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல், கேபிள், திராட்டில் மூன்றும் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும்போது எது பிடிக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சின் பக்கம் திராட்டில் லிவரைக் கையால் முழுதாகத் திறந்து பிடியுங்கள். கேபிள் தளர்ந்துவிடும், அதன் நுனியில் உள்ள குண்டை லிவரின் காடியில் இருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுத்துவிடலாம். வராவிட்டால் கேபிளின் வெளிக்கூட்டைப் பிராக்கெட்டில் பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் தளர்த்துங்கள், ஆனால் அதற்கு முன் நட் இருந்த இடத்தைப் பெயிண்டாலோ நகப்பூச்சாலோ அடையாளம் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இப்போது லிவரை மட்டும் கையால் திறந்து விடுங்கள். அது தானாக டக்கென்று ஸ்டாப்பில் வந்து அடிக்க வேண்டும். மெதுவாக வந்தாலோ, கடைசி கொஞ்சத்தில் தயங்கினாலோ குற்றம் அங்கே இருக்கிறது. (சில கார்புரேட்டர்களில் டாஷ்பாட் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும், கடைசி அரை அங்குலத்தை வேண்டுமென்றே மெதுவாக்குவது அதன் வேலை. அது கோளாறு இல்லை.) அடுத்து, பெடலின் மேல் நுனியில் இருந்தும் கேபிளை எடுத்துவிட்டுப் பெடலை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கடைசியாகக் கேபிளின் உள்கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், இரண்டு விரலால் இழுக்கிற இழுப்புக்கே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நறநறவென்று உரசல் கையில் தெரிந்தால் கேபிள்தான்.

இந்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை செய்வது நல்லது, கை சுடாமல் பார்த்துக்கொண்டு. வெயிலில் நாகர்கோவில் டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது மட்டும் ஒட்டுகிறது, வீட்டில் வந்தால் சரியாக இருக்கிறது என்று சொல்கிற வண்டிகளில், மேனிஃபோல்டு சூட்டில் கேபிளின் உள்குழாய் இளகிக் கம்பியைப் பிடிப்பது நடக்கும்.

பெடலில் குற்றம் என்றால்

டிரைவர் சீட்டுக்கு முன்னால் தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய வேலை இது. பெடல் ஒரு பின்னில் தொங்கி ஆடுகிறது, அந்தப் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் துருப்பிடித்தால் இறுகும். டபிள்யூடி-40 அடித்து, பெடலைப் பல தடவை ஆட்டி, வழிகிற செம்பழுப்பு நீரைத் துணியால் துடைத்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு கட்டாயம் கிரீஸ் வைக்க வேண்டும். துரு இளக்குகிற ஸ்ப்ரே சீக்கிரம் காய்ந்துவிடும், அதை மட்டும் அடித்துவிட்டு விட்டால் ஒரு மழைக்குத் திரும்பவும் இறுகிவிடும். பெடலின் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறதா, முறிந்திருக்கிறதா, பெடல் கம்பி வளைந்து பக்கத்து பிரேக் பெடலிலோ சுவரிலோ உரசுகிறதா என்பதையும் பாருங்கள். அந்தப் பின் தேய்ந்து பெடல் இடம் வலமாக லொடலொடவென்று ஆடினால் புஷ் மாற்ற வேண்டும், கிரீஸ் வைத்து ஒப்பேற்ற முடியாது.

கேபிளில் குற்றம் என்றால்

பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். பெடல் பக்கத்து நுனியிலும், எஞ்சின் பக்கம் வெளிக்கூட்டில் இருந்து கம்பி வெளியே வருகிற இடத்திலும் ஒவ்வொரு இழையாக அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவாமல், துணியால் தடவிப் பாருங்கள், அறுந்த இழை விரலில் ஏறிவிடும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். அந்த ஒற்றை இழைதான் வெளிக்கூட்டின் வாயில் குத்திக்கொண்டு கம்பியைத் திரும்ப விடாமல் நிறுத்துவது. அதை வெட்டிவிட்டு ஓட்டினால் அடுத்த இழை அறுகிறது, கடைசியில் கேபிள் முழுதாக அறுந்து வண்டி நடுரோட்டில் நிற்கும்.

வெளிக்கூட்டில் மடிப்பு விழுந்திருக்கிறதா, சூட்டில் உருகிப் பளபளப்பாகியிருக்கிறதா, தீச்சுவரை (எஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டை) தாண்டி வருகிற இடத்தில் குரோமெட் என்கிற ரப்பர் வளையம் இல்லாமல் தகடு அறுத்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். ஸ்டீரியோ, அலாரம் போட்டவர்கள் ஒயரையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டேக்கில் இறுக்கிக் கட்டிவைத்திருப்பதுண்டு, அதை வெட்டிவிட்டாலே சரியாகிற வண்டிகள் இருக்கின்றன. ஆம்னியில் பெடல் முன்னால், எஞ்சின் அதற்குப் பின்னால் சீட்டுக்கு அடியில் என்பதால் கேபிள் பின்னோக்கி வருகிறது, டயர் தெறிக்கிற சேற்றுத் தண்ணீர் படுகிற வண்டி அது. அந்த வழி முழுக்கப் பாருங்கள்.

கம்பி முழுசாக இருக்கிறது, வெறும் அழுக்கும் இறுக்கமும்தான் என்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் வாயில் ஸ்ப்ரேயை அடித்து, கம்பியை மேலும் கீழும் இழுங்கள், அடியில் கறுப்பாகச் சொட்டுவது நிற்கும்வரை. ஒரு ராத்திரி தொங்கவிட்டு வடியவிட்டு, பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம். கெட்டி கிரீஸை உள்ளே திணிக்காதீர்கள், நைலான் உள்குழாய் உள்ள கேபிளில் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் எப்போதும் இருக்கிற எண்ணெய் என்பதால் கதவுக் கீலில் இருந்து கேபிள் வரை எல்லாவற்றுக்கும் அதையே விடுகிறோம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் கேபிளுக்குள்ளும் நடக்கும். நாளானால் பிசின் போலவும் ஆகிவிடும். வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கேபிளைச் சுத்தம் செய்வதில் நேரம் செலவழிக்காமல் புதிதாகவே போடுங்கள். கடைக்குப் பழைய கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள், "மாருதி கேபிள்" என்று வாயால் கேட்காதீர்கள். கார்புரேட்டர் வண்டிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் ஒன்றல்ல, 800-க்கும் ஆம்னிக்கும் ஒன்றல்ல. கடை மேசையில் இரண்டையும் நீட்டி வைத்து வெளிக்கூட்டின் நீளம், வெளியே வருகிற கம்பியின் நீளம், இரண்டு நுனிக் குண்டின் வடிவம் எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அரை அங்குலம் குறைந்தாலும் திராட்டில் எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கும்.

புதியதை மாட்டும்போது பழையது போன வழியிலேயே கொண்டுபோக வேண்டும், கூர்மையான வளைவு எங்கேயும் கூடாது, சூடான பாகத்தில் படக் கூடாது. பெடல் நுனியை மாட்டி, பிறகு எஞ்சின் நுனியை மாட்டி, நட்டைச் சரிசெய்யுங்கள். காலை எடுத்த நிலையில் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் கொஞ்சம் ஆட வேண்டும். விண்ணென்று இழுத்து வைத்தால் ஐடிலிங் ஏறும். அதே நேரம் உதவிக்கு இருப்பவர் பெடலைத் தரை வரை மிதிக்கும்போது லிவர் முழுதாகத் திறக்க வேண்டும். இரண்டும் சரியாக வரும் இடத்தில் இரண்டு நட்டையும் எதிரெதிராக இறுக்குங்கள்.

கார்புரேட்டரில் குற்றம் என்றால்

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எடுங்கள். உள்ளே நட், துணி எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திராட்டில் ஷாஃப்ட் இரண்டு பக்கமும் வெளியே வருகிற இடத்தில் பெட்ரோல் பிசினும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். க்ளீனர் அடித்து, பிரஷால் தேய்த்து, லிவரைத் திறந்து மூடி, திரும்ப அடித்து, அப்படியே செய்யுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கி நழுவியிருக்கிறதா, துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்றுவதாக இருந்தால் அதே வண்டிக்கான ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது, தகடு சாய்ந்து சுவரில் பிடிக்கும், காற்றும் இழுக்கும். அதைக் கார்புரேட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி.

பெடலை மிதிக்க ஆரம்பிக்கும்போது மட்டும் கெட்டியாக இருந்து, பிறகு திடீரென்று விடுவித்துக்கொண்டு வண்டி குதிக்கிறதா? அப்படியானால் ஸ்டாப் ஸ்க்ரூ அளவுக்கு மேல் தளர்த்தப்பட்டிருக்கலாம். ஐடிலிங் குறைக்கிறேன் என்று யாரோ அதைத் தளர்த்தியிருப்பார்கள், திராட்டில் தகடு முழுக்க மூடிச் சுவரில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. எஞ்சின் சூடான பிறகு அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே கொடுத்து ஐடிலிங்கைச் சரியாக வையுங்கள்.

சோக் விஷயம் இதுதான்: சோக்கை இழுத்தால் ஒரு சின்ன இணைப்பு திராட்டிலையும் கொஞ்சம் திறந்து பிடிக்கும், குளிர்ந்த எஞ்சின் நிற்காமல் ஓடுவதற்காக. சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் அந்த இணைப்பு பிசினால் திரும்பாமல் நின்றால் எஞ்சின் ரேஸிலேயே இருக்கும், ஓட்டுகிறவர் பெடலைக் குறை சொல்வார். ஒருவரை சோக்கை இழுத்துத் தள்ளச் சொல்லி, அந்தக் கம்பிகள் எல்லாம் முழுதாகத் திரும்புகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திரும்பப் பொருத்தும்போது ஏதாவது ஹோஸ் லிவரின் பாதையில் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். சர்வீஸ் முடித்து வந்த அன்றைக்கே ஒட்ட ஆரம்பித்த வண்டி என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டி என்றால்

இதில் பெரும்பாலும் கரிதான். எஞ்சினில் இருந்து வருகிற எண்ணெய்ப் புகை திராட்டில் தகட்டின் விளிம்பில் படிந்து ஒட்டும், காலையில் முதல் மிதியில் கெட்டியாகத் தெரியும். ஏர் ஹோஸைக் கழற்றி, லிவரைக் கையால் திறந்து பிடித்து, திராட்டில் பாடி க்ளீனரைத் துணியில் நனைத்துத் தகட்டின் விளிம்பையும் சுவரையும் துடையுங்கள். ஸ்ப்ரேயை நேராகப் பீச்சினால் பக்கத்தில் உள்ள திராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் போகும், அதனால் துணிதான் நல்லது. ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அது தொழிற்சாலையில் வைத்த அளவு. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், கரி இல்லாத அளவுக்கு எஞ்சினின் கண்ட்ரோல் யூனிட் பழகிக்கொள்ளும். சீக்கிரமே திரும்பக் கரி பிடித்தால் அந்த எண்ணெய்ப் புகையை எஞ்சினுக்குள் திரும்ப விடுகிற பிசிவி வால்வைப் பாருங்கள்.

டீசல் மினி லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேபிள் வண்டி என்றால் பெடலும் கேபிளும் மேலே சொன்னபடியேதான். ஆனால் கேபிள் போய் மாட்டுவது டீசல் பம்ப் லிவரில், அது இறுகியிருந்தால் நீங்கள் கை வைக்காமல் பம்ப் வேலை செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

மலையேறும்போது மட்டும் ஒட்டினால்

நின்ற இடத்தில் எல்லாம் சரி, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அழுத்தும்போது மட்டும் ஒட்டுகிறது, அல்லது ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் ரேஸாகிறது என்றால், எஞ்சினைத் தாங்குகிற மவுண்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் சுமை ஏறும்போது எஞ்சின் சாய்கிறது, சாயும்போது கேபிளை அதுவே இழுக்கிறது. நம்பிக்கையான ஒருவரை உட்கார வைத்து, பிரேக்கை அழுத்தி ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கிளட்சை லேசாக விடச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பாருங்கள், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். எஞ்சின் பெரிதாக எழும்பினால் மவுண்ட் போய்விட்டது. இதைக் கவனிக்காமல் கேபிள் மேல் கேபிளாக மாற்றிப் பணம் விடுகிறவர்கள் உண்டு.

கூடுதல் ஸ்பிரிங் போடுவது பற்றி

பெடல் திரும்பவில்லை என்றதும் இன்னொரு ஸ்பிரிங்கோ, சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பர் நாடாவோ சேர்த்துக் கட்டிவிடுவது பல இடத்தில் நடக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிடிக்கிற இடம் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது, அதைப் பலத்தால் இழுத்து மறைக்கிறீர்கள். பெடல் கனக்கும், கேபிள் சீக்கிரம் தேயும், எஞ்சின் சூட்டில் ரப்பர் ஒருநாள் அறும், அது அறுகிற நாள் நீங்கள் எங்கே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

ரோட்டில் இறக்கும் முன்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பெடலை மெதுவாகவும், வேகமாகவும், பாதி வரையும், தரை வரையும் மாற்றி மாற்றி இருபது தடவையாவது மிதித்து விடுங்கள். ஒவ்வொரு தடவையும் லிவர் ஸ்டாப்பில் அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். அடுத்து நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஒரு கை சாவியில் இருக்க, கொஞ்சம் ரேஸ் கொடுத்து விடுங்கள், ஐடிலிங்குக்கு உடனே இறங்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தும், ஏசி இருந்தால் போட்டும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நாஞ்சில் நாட்டு வயல் ரோடு காலியாக இருக்கிறதே என்று போகாதீர்கள், ஏதாவது ஆனால் இரண்டு பக்கமும் கால்வாய்தான். சுற்றிலும் இடம் உள்ள ஒரு மைதானமோ, மரம் நெருக்கமில்லாத விளையோ (தோப்போ) பார்த்து, ஆள் இல்லாத நேரத்தில் முதல் கியர், இரண்டாம் கியரில் ஓட்டுங்கள். அதில் திருப்தியான பிறகு ஒருநாள் ஊருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு, அப்புறம்தான் நாலுவழிச்சாலையும் மலைரோடும்.

இவ்வளவும் செய்த பிறகும் எப்போதாவது ஒருமுறை ஒட்டுகிறது, ஆனால் பிரித்துப் பார்த்தால் மூன்றுமே நன்றாக இருக்கிறது என்றால், வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "ஆக்சிலேட்டர் ஒட்டுது" என்று மட்டும் சொல்லாமல், சூடாக இருந்ததா, ஏற்றமா சமதளமா, பெடல் கீழே நின்றதா மேலே வந்ததா, லிவர் ஸ்டாப்பில் இருந்ததா, எதையெல்லாம் கழற்றிப் பார்த்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கடலோரம் நிறுத்துகிற வண்டி என்றால் மே மாதம் மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஜனவரியில் மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை, கேபிளின் இரண்டு நுனியையும் டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்து வையுங்கள். மற்ற இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை போதும்.